முதுமையிலும் வீசிய தென்றல்

நுழையும்முன்

முதுமை பெரும்பாலோர்க்கு ஓய்வின் பருவம். கண் மங்கும், கால் தளரும், உலகம் நான்கு சுவர்க்குள் சுருங்கும். அந்நிலையிலும் சிந்தனை சுருங்காமல் வாழ்ந்தோர் சிலர் உளர். ஆசிரியர், இதழாளர், மேடைப் பேச்சாளர், தொழிலாளர் தலைவர் எனப் பல துறைகளில் ஒளிர்ந்த தமிழ்த்தென்றல் திரு.வி.க., தம் வாழ்வின் இறுதி ஆண்டுகளில் பார்வை இழந்த நிலையில் பாட்டைத் துணைக்கொண்டார். எழுத்து, வாழ்வு, நாட்டு நடப்பு ஆகியவற்றைப் பற்றி அவர்தம் முதிர்ந்த உள்ளம் எண்ணியவற்றையும், அவ்வெண்ணங்களுக்கு வேராக அமைந்த வாழ்வையும் இப்பாடம் எடுத்துரைக்கிறது.

இராயப்பேட்டையும் திரு.வி.க.வும்

சென்னையின் நடுப்பகுதியில், மயிலாப்பூருக்கும் திருவல்லிக்கேணிக்கும் அண்மையில் அமைந்தது இராயப்பேட்டை. பழைய பள்ளிகளும் மருத்துவமனையும் மணிக்கூண்டும் நிறைந்த அப்பகுதியில் இன்று ஒரு சாலை திரு.வி.க.வின் பெயரைத் தாங்கி நிற்கிறது. அப்பெயர் அச்சாலைக்கு வாய்த்தது பொருத்தமே. அவர் சிறுவராய்ப் படித்தது இராயப்பேட்டை வெஸ்லி பள்ளியில். தமிழ் ஆசிரியராய்ப் பணியாற்றியது வெஸ்லி கல்லூரியில். அவர்தம் இதழும் நூல்களும் அச்சேறி வெளிவந்தது இராயப்பேட்டைச் சாது அச்சுக்கூடத்தில். தளர்ந்த பருவத்தில் அவர் தங்கியிருந்ததும் அப்பகுதியில்தான். ஒரு மனிதரின் கல்வி, தொழில், தொண்டு, முதுமை ஆகிய நான்கும் ஒரே வட்டாரத்தில் நிகழ்ந்தன. அவ்வட்டாரத்திலிருந்து எழுந்த குரலோ தமிழ்நாடு முழுவதும் கேட்டது.

இளமையும் கல்வியும்

திரு.வி.க. 1883ஆம் ஆண்டு ஆகஸ்டு 26ஆம் நாள், அன்றைய செங்கற்பட்டு மாவட்டத்தில், பூந்தமல்லிக்கு அருகிலுள்ள துள்ளம் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தையார் விருத்தாசலனார், தாயார் சின்னம்மையார். முன்னோர் திருவாரூரைச் சார்ந்தவர். அதனால் திருவாரூர் விருத்தாசலனார் மகன் கல்யாணசுந்தரனார் என்னும் நீண்ட பெயர் மக்கள் நாவில் திரு.வி.க. எனச் சுருங்கி நிலைத்தது.

பிள்ளைப் பருவத்திலேயே நோய் அவரை வாட்டியது. கைகால்கள் முடங்கியமையால் அவருடைய கல்வி சில ஆண்டுகள் தடைப்பட்டது. பின்னர் உடல் தேறி, மீண்டும் வெஸ்லி பள்ளியில் சேர்ந்தார். ஆங்கே யாழ்ப்பாணத்து அறிஞர் நா.கதிரைவேற்பிள்ளை அவருக்கு ஆசிரியராக வாய்த்தார். ஆசிரியரின் புலமையும் பேச்சாற்றலும் மாணவரின் உள்ளத்தைக் கவர்ந்தன. தமிழும் சைவமும் அவர்வழி திரு.வி.க.வின் நெஞ்சில் வேரூன்றின.

அந்நாளில் வள்ளலாரின் பாடல்களை அருட்பா எனலாமா என்பது பற்றித் தமிழறிஞரிடையே பெரும் பூசல் நிகழ்ந்தது. அப்பூசல் நீதிமன்றம்வரை சென்றது. அப்பாடல்களை மறுத்த அணியில் முன்னின்றவர் கதிரைவேற்பிள்ளை. ஆசிரியருக்குத் துணையாக நின்ற காரணத்தால் 1904ஆம் ஆண்டு திரு.வி.க.வால் பள்ளி இறுதித் தேர்வை எழுத இயலவில்லை. அத்துடன் அவருடைய பள்ளிக்கல்வி முடிந்தது. பட்டம் இல்லாமலேயே அவர் பிற்காலத்தில் கல்லூரியின் தலைமைத் தமிழாசிரியராக உயர்ந்தார்.

இந்நிகழ்ச்சிக்குப் பின்தொடர்ச்சி ஒன்று உண்டு. எந்தப் பாடல்களை மறுத்த ஆசிரியருக்காகத் தம் தேர்வை இழந்தாரோ, அந்தப் பாடல்களைப் பாடிய வள்ளலாரைத் திரு.வி.க. பின்னாளில் போற்றத் தொடங்கினார். 1929இல் இராமலிங்க சுவாமிகள் திருவுள்ளம் என்னும் நூலை எழுதினார். அதற்காக ஆசிரியர் மீது கொண்ட மதிப்பை அவர் கைவிடவில்லை. 1907இல் மறைந்த ஆசிரியரின் வரலாற்றை 1908இல் நூலாக எழுதி வெளியிட்டவரும் அவரே. ஆசிரியரிடம் நன்றி, கருத்தில் வளர்ச்சி ஆகிய இரண்டும் ஓர் உள்ளத்தில் ஒருங்கே வாழக்கூடும் என்பதற்கு அவர் சான்றாக விளங்கினார். கருத்து மாறுவதை இழுக்கு எனக் கருதாத இப்பண்பு, அவர்தம் முதுமைக்காலச் சிந்தனையில் மேலும் விரிந்ததைப் பின்னர்க் காணலாம்.

ஆறாண்டு இல்லறம்

பள்ளியை நீங்கிய திரு.வி.க. சிறிது காலம் ஸ்பென்சர் நிறுவனத்தில் கணக்கராகப் பணிபுரிந்தார். நாட்டு விடுதலை உணர்வு மேலிட்ட அவ்வுள்ளத்துக்கு அலுவலக வாழ்வு ஒத்துவரவில்லை. பின்னர் ஆசிரியப் பணியை ஏற்றார். 1912ஆம் ஆண்டு கமலாம்பிகை அம்மையாரை மணந்தார். மனைவியாருக்குத் தாமே தமிழ் கற்பித்தார். வீடு இருவர்க்கும் பள்ளியாயிற்று. கற்பித்தவர் தாமும் கற்றார். தம் இயல்பில் இருந்த கடுமை அம்மையாரின் அன்பால் கரைந்தது என்பதைத் திரு.வி.க. பிற்காலத்தில் நன்றியோடு நினைவுகூர்ந்தார்.

அவ்வின்பம் நெடிது நிலைக்கவில்லை. பிறந்த இரு மகவும் மழலைப் பருவத்திலேயே மறைந்தன. 1918ஆம் ஆண்டு செப்டம்பரில் அம்மையாரும் எலும்புருக்கி நோயால் உயிர்நீத்தார். அப்போது திரு.வி.க.வுக்கு அகவை 35. சுற்றத்தார் மறுமணத்தை வற்புறுத்தியும் அவர் இசையவில்லை. அதன்பின் 35 ஆண்டுகள் அவர் வாழ்ந்தார். மனைவியார் விட்டுச்சென்ற இடம் வெற்றிடமாகவே இருந்தது. தனிமைத் துயரைத் தொண்டாக மாற்றிக்கொண்டார். 1927இல் வெளிவந்த பெண்ணின் பெருமை அல்லது வாழ்க்கைத் துணை என்னும் நூல், பெண்கல்வி, பெண்ணுரிமை, கைம்பெண் மறுமணம் ஆகியவற்றை வலியுறுத்தித் தமிழ்க்குடும்பங்களில் பரவியது. ஆறாண்டு இல்லறத்தின் பயன் ஒரு வீட்டோடு நில்லாமல் பல வீடுகளைச் சென்றடைந்தது.

எழுதுகோலும் மேடையும்

1917ஆம் ஆண்டு டிசம்பரில் தேசபக்தன் நாளிதழின் ஆசிரியப் பொறுப்பை ஏற்பதற்காகத் திரு.வி.க. கல்லூரிப் பணியைத் துறந்தார். நிலையான ஊதியத்தை விட்டு, ஆட்சியின் அடக்குமுறைக்கு எந்நேரமும் ஆளாகக்கூடிய ஒரு பணிக்கு வந்தார். இரண்டரை ஆண்டுகளுக்குப்பின் அவ்விதழிலிருந்து விலகி, 1920ஆம் ஆண்டு அக்டோபர் 22ஆம் நாள் நவசக்தி என்னும் வார இதழைத் தொடங்கினார். ஏறத்தாழ 20 ஆண்டுகள் அதனை நடத்தினார். பின்னாளில் புகழ்பெற்ற எழுத்தாளராக விளங்கிய கல்கி, தம் தொடக்கக் காலத்தில் நவசக்தியில் துணையாசிரியராகப் பயின்றவர்.

அக்காலத்தில் அரசியல் செய்திகள் ஆங்கிலத்தில் எழுதப்பட்டன. அரசியல் கூட்டங்களில் ஆங்கிலமே முழங்கியது. தமிழில் எழுதியவர்களும் பிறமொழிச் சொற்களை மிகுதியாகக் கலந்தனர். அரசியலைத் தமிழில் எழுத முடியும், பொருளியலைத் தமிழில் விளக்க முடியும், உழைக்கும் மக்களுக்குப் புரியுமாறு மேடையில் தமிழில் பேச முடியும் என்பதைத் திரு.வி.க. நாள்தோறும் செய்து காட்டினார். சிறுசிறு தொடர்கள், வினா எழுப்பி விடை காணும் முறை, ஒரே கருத்தை வெவ்வேறு கோணங்களில் அடுக்கிச் செல்லும் ஓட்டம் ஆகியவை அவர்தம் உரைநடையின் இயல்புகள். அந்நடையின் இனிமை பற்றியே மக்கள் அவரைத் தமிழ்த்தென்றல் என்று அழைத்தனர்.

தொழிலாளர் துணைவர்

1918ஆம் ஆண்டு ஏப்ரல் 27ஆம் நாள் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது. இந்தியாவில் முறையாக அமைக்கப்பெற்ற முதல் தொழிற்சங்கம் என அது போற்றப்படுகிறது. பி.பி.வாடியா தலைவராகவும் திரு.வி.க. துணைத்தலைவர்களுள் ஒருவராகவும் விளங்கினர். பெரம்பூர்ப் பகுதியிலிருந்த பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகளின் தொழிலாளர், நீண்ட வேலை நேரத்தாலும் போதாத உணவு இடைவேளையாலும் மேற்பார்வையாளரின் கடுமையாலும் துன்புற்றனர். அவர்களுக்கு உரிமை என்பது என்ன என்பதைத் தமிழில் எடுத்துரைத்தவர் திரு.வி.க.

அதே ஆண்டில்தான் அவர்தம் மனைவியார் மறைந்தார் என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது. வீட்டில் இழப்பு, வெளியில் ஆயிரக்கணக்கானோரின் எதிர்பார்ப்பு. அவர் இரண்டாவதை ஏற்று முதலாவதைத் தாங்கிக்கொண்டார். 1921இல் ஆலைப் போராட்டம் கடுமையானபோது, ஆளுநர் வில்லிங்டன் அவரை நாடு கடத்துவதாக அச்சுறுத்தினார். அவ்வச்சுறுத்தலுக்கு அவர் பணியவில்லை. வன்முறையின் பக்கம் தொழிலாளரைத் திருப்பவும் இல்லை.

கட்சிகளுக்கு அப்பாற்பட்ட நட்பு அவர்தம் மற்றொரு சிறப்பு. 1925ஆம் ஆண்டு காஞ்சிபுரத்தில் நடைபெற்ற காங்கிரசு மாநாட்டுக்கு அவர் தலைமை தாங்கினார். வகுப்புவாரிப் பிரதிநிதித்துவம் பற்றிய தீர்மானம் அம்மாநாட்டில் ஏற்கப்படாமையால் பெரியார் காங்கிரசைவிட்டு வெளியேறினார். அன்று தலைவர் இருக்கையில் இருந்தவர் திரு.வி.க. ஆயினும் இருவரிடையே நிலவிய நட்பு அறுபடவில்லை. கொள்கையில் வேறுபட்டு அன்பில் ஒன்றிய அந்நட்பு, பொதுவாழ்வில் ஈடுபடுவோர் பயிலத்தக்க பாடம்.

விடுதலை ஆண்டில் வீட்டுக்காவல்

1943இல் திரு.வி.க.வுக்கு அகவை 60 நிறைந்தது. மறு ஆண்டு வாழ்க்கைக் குறிப்புக்கள் என்னும் தன்வரலாற்று நூல் வெளிவந்தது. அதில் தம் வெற்றிகளோடு தம் தவறுகளையும் மனமாற்றங்களையும் அவர் மறைக்காமல் எழுதினார். பலர் அத்தகைய நூலை எழுதி முடித்தபின் எழுதுகோலைக் கீழே வைத்துவிடுவர். திரு.வி.க.வுக்கு அது ஓர் இடைநிறுத்தமாக மட்டுமே அமைந்தது.

1947ஆம் ஆண்டு ஆலைத் தொழிலாளர் மீண்டும் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். 63 அகவையை எட்டி, உடல்நலம் குன்றியிருந்த திரு.வி.க. அவர்கள் பக்கமே நின்றார். அன்று சென்னை மாகாணத்தை ஆண்டது காங்கிரசு அமைச்சரவை. அக்கட்சியின் வளர்ச்சிக்குத் தம் இளமையையும் எழுத்தையும் ஈந்த முதியவரை அவ்வரசு வீட்டுக்காவலில் வைத்தது. நாடு விடுதலை பெற்ற அதே ஆண்டில் இது நிகழ்ந்தது. வேற்று நாட்டவர் ஆட்சி அவரை அச்சுறுத்தியது. தம்மவர் ஆட்சியோ அவரை வீட்டுக்குள்ளேயே அடைத்தது.

இக்காவல் அவர் உள்ளத்தில் ஒரு வினாவைக் கூர்மையாக்கியது. ஆள்வோர் மாறினால் போதுமா, ஆளும் முறையும் மாற வேண்டாவா என்பதே அவ்வினா. உழைப்பவர்க்கு உணவும் மதிப்பும் கிடைக்காத விடுதலை நிறைவான விடுதலை ஆகாது என்னும் கருத்தில் அவர் உறுதியாக இருந்தார். அவ்வினாவுக்கு விடை தேடியதே அவர்தம் இறுதி ஆண்டுகளின் சிந்தனை எனலாம்.

பார்வை மறைந்தது, பாட்டு மலர்ந்தது

படிப்பதும் எழுதுவதுமே வாழ்வாகக் கொண்ட ஒருவருக்குக் கண் என்பது உறுப்பு மட்டுமன்று, அது தொழிற்கருவி. திரு.வி.க.வின் கண்ணொளி முதுமையில் மங்கி மறைந்தது. நூலைத் திருப்ப இயலவில்லை. அச்சுப்படி திருத்த இயலவில்லை. தம் கையெழுத்தைத் தாமே காண இயலவில்லை. பல்லாண்டுகள் ஒரு நாளும் எழுதாமல் இருந்திராத கை ஓய்ந்தது.

இந்நிலையில் அவர் பாட்டை நாடினார். முன்னரும் அவர் பாட்டு எழுதியதுண்டு. 1931இல் நாட்டுப் பாடல்களாக உரிமை வேட்கை வெளிவந்தது. முருகன், திருமால், சிவன், கிறிஸ்து ஆகியோரைப் போற்றிய அருள் வேட்டல் நூல்கள் அடுத்தடுத்துத் தோன்றின. ஆயினும் அவர்தம் புகழ் உரைநடையால் அமைந்தது. பார்வை மறைந்தபின்னரோ பாட்டே அவருக்கு முதன்மையான ஊன்றுகோல் ஆயிற்று.

இதற்குரிய காரணம் தெளிவானது. உரைநடை எழுதுபவர் முன்பு எழுதியதைத் திரும்பப் பார்த்தே மேலே செல்ல வேண்டும். பாட்டுக்கு எதுகை, மோனை, சீர், அடி என்னும் கட்டுகள் உண்டு. அக்கட்டுகள் சொற்களை நினைவில் பிணித்து வைக்கும். ஓர் அடி நினைவுக்கு வந்தால் அடுத்த அடியின் முதற்சீர் தானே வந்து நிற்கும். ஏடு இல்லாத காலத்திலும் தமிழ்ப் பாட்டு அழியாமல் வாழ்ந்ததற்கு இதுவும் ஒரு காரணம். கண்ணொளி இழந்த புலவர், உள்ளத்திலேயே பாடல்களை அமைத்து, உடனிருந்த அன்பரிடம் சொல்வார்; அவர் எழுதுவார்; மீண்டும் படிக்கச் சொல்லிக் கேட்டுத் திருத்துவார். மாணவருக்குச் சொல்லிக்கொடுத்த ஆசிரியர், இப்போது எழுதுபவருக்குச் சொல்லிக்கொடுத்தார்.

இவ்வாறு 1950இல் இருளில் ஒளி, இருமையும் ஒருமையும் ஆகிய நூல்களும், 1951இல் பொருளும் அருளும் அல்லது மார்க்ஸியமும் காந்தியமும், சித்தந் திருந்தல் அல்லது செத்துப் பிறத்தல், முதுமை உளறல் ஆகிய நூல்களும், 1953இல் வளர்ச்சியும் வாழ்வும் அல்லது படுக்கைப் பிதற்றல் என்னும் நூலும் பிறந்தன. முதுமையுற்ற, பார்வையற்ற ஒருவர் நான்கு ஆண்டுகளுக்குள் இந்நூல்களைப் படைத்தார்.

எழுத்து எதற்கு?

தாம் சொல்லிய பாடல்களுக்கு உளறல் என்றும் பிதற்றல் என்றும் அவர் பெயரிட்டமை கருதத்தக்கது. புலமைச் செருக்குடையோர் தம் நூலுக்கு மணி, மாலை, கோவை எனப் பெயர் சூட்டுவர். திரு.வி.க. தம் முதுமையைத் தாமே எள்ளி, தம் பாட்டை முதியவர் ஒருவரின் உளறல் என்று தாழ்த்திக்கொண்டார். அத்தாழ்ச்சியின் உள்ளே ஓர் உரிமையும் உண்டு. உளறுபவர் அவையோர் மெச்ச வேண்டும் என்று கருதுவதில்லை. உள்ளத்தில் உள்ளதை உள்ளவாறே சொல்கிறார்.

எழுத்தைப் பற்றிய அவர்தம் கொள்கை, நடைமுறையில் மூன்று வகையாக வெளிப்பட்டது. முதலாவது, எழுத்து படிப்பவர்க்கு விளங்க வேண்டும். ஆலைத் தொழிலாளரிடம் பேசிப் பழகிய அவர், பாட்டிலும் அருஞ்சொற்களைத் தேடி அலையவில்லை. இரண்டாவது, எழுத்தும் வாழ்வும் பிரிந்து நிற்றல் கூடாது. பெண்ணுரிமையை எழுதியவர் தம் வீட்டில் மனைவியாருக்குக் கற்பித்தார். எளிமையைப் போற்றியவர் எளிமையாகவே வாழ்ந்தார். மூன்றாவது, எழுதுபவர் வளர வேண்டும். நேற்று எழுதியது இன்று பிழை எனத் தோன்றினால், அதனை ஒப்புக்கொள்ளும் துணிவு வேண்டும். சித்தந் திருந்தல் அல்லது செத்துப் பிறத்தல் என்னும் தலைப்பே இக்கொள்கையை உணர்த்துகிறது. மனம் திருந்துதல் என்பது, உயிரோடு இருக்கும்போதே பழைய மனிதன் இறந்து புதிய மனிதன் பிறத்தல் என்பது அதன் உட்கருத்து.

வாழ்வாங்கு வாழ்தல்

வாழ்வைத் துறப்பது உயர்வு என்னும் கருத்தைத் திரு.வி.க. ஏற்கவில்லை. உலகம் பொய், உடல் பகை, பெண் மாயை என்று இகழும் எண்ணங்களை அவர் வாழ்நாள் முழுவதும் மறுத்து வந்தார். இயற்கையை இறைவனின் உடலாகக் கண்டார். அழகை வழிபாட்டுக்கு உரியதாகக் கருதினார். 1925இல் எழுதிய முருகன் அல்லது அழகு என்னும் நூலில் தோன்றிய இந்நோக்கு, பார்வை மறைந்தபின்னும் மாறவில்லை. மலையையும் கடலையும் கண்டு மகிழ்ந்த கண்கள் மூடியபின், அவை நினைவில் விட்டுச்சென்ற காட்சிகள் அவருக்குப் போதுமானவையாக இருந்தன.

சமயங்களைப் பற்றிய அவர்தம் எண்ணமும் முதுமையில் கனிந்து நின்றது. சைவராய்த் தொடங்கிய அவர், திருமாலையும் பாடினார்; கிறிஸ்துவின் மொழிகளைக் குறள் யாப்பில் அமைத்து 1948இல் வெளியிட்டார்; பல சமயத்துக்கும் பொதுவான நெறியைப் பொதுமை எனப் பெயரிட்டுப் போற்றினார். ஆறுகள் பலவாயினும் நீர் ஒன்றே என்னும் தெளிவு அவருடையது. இளமையில் சமயப் பூசலின் நடுவே நின்று தேர்வை இழந்தவர், முதுமையில் சமயங்களுக்கு இடையே பாலம் அமைத்தார். ஒரு மனிதர் தம் வாழ்நாளில் எவ்வளவு தொலைவு நடக்க இயலும் என்பதை இம்மாற்றம் காட்டுகிறது.

நன்றாக வாழ்தல் என்பதற்குச் செல்வத்தை அவர் அளவுகோலாகக் கொள்ளவில்லை. இதழாசிரியராகவும் தலைவராகவும் இருந்தும் பொருள் சேர்க்கவில்லை. தொண்டும் அன்புமே அவர் ஈட்டிய செல்வம். முதுமையில் அச்செல்வமே அவரைக் காத்தது. பிள்ளைகள் இல்லாத அவர் அருகில் இளைய அறிஞர் பலர் பிள்ளைகளாய் இருந்தனர். அவர்களுள் ஒருவராகிய மு.வரதராசனார், திரு.வி.க.வின் வாழ்வைத் தனி நூலாகவே எழுதினார்.

நாட்டு நடப்பும் உலகப் போக்கும்

வீட்டுக்குள் இருந்தபோதும் உலகம் அவரை வந்தடைந்தது. அன்பர்கள் நாளிதழ்களைப் படித்துக் காட்டினர். அக்காலம் அமைதியான காலமன்று. இரண்டாம் உலகப்போர் 1945இல் அணுகுண்டுகளின் பேரழிவோடு முடிந்திருந்தது. 1948 சனவரியில் காந்தியடிகள் சுட்டுக்கொல்லப்பட்டார். 1949இல் சீனாவில் பொதுவுடைமை ஆட்சி அமைந்தது. 1950இல் இந்தியா குடியரசாயிற்று; அதே ஆண்டில் கொரியப் போர் மூண்டது. உலகம் இரு முகாம்களாகப் பிரிந்தது. ஒரு பக்கம் முதலாளியம், மறுபக்கம் பொதுவுடைமை. எது சரி என்னும் வினா இந்திய இளைஞர் உள்ளங்களையும் அலைக்கழித்தது.

தொழிலாளரோடு 30 ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்த திரு.வி.க. அவ்வினாவிலிருந்து ஒதுங்கவில்லை. 1921இலேயே மனித வாழ்க்கையும் காந்தியடிகளும் என்னும் நூலை எழுதிக் காந்தியத்தைத் தமிழர்க்கு விளக்கியவர் அவர். கார்ல் மார்க்சின் பொருளியல் கருத்துகளையும் அவர் ஆழ்ந்து எண்ணினார். பொருளும் அருளும் என்னும் நூலில் இவ்விரண்டையும் எதிரெதிரே நிறுத்தாமல் இணைத்துக் கண்டார். பசித்தவரிடம் அருளைப் பற்றிப் பேசுவது பயன் தராது. ஆதலால் பொருள் பொதுவாக வேண்டும். பொருள் பொதுவானபின்னும் உள்ளத்தில் அன்பு இல்லையேல் ஒருவரையொருவர் அடக்கி ஆள்வர். ஆதலால் அருள் வேண்டும். மார்க்ஸ் உடலுக்கு வழி வகுத்தார். காந்தியடிகள் உள்ளத்துக்கு வழி வகுத்தார். உடலும் உள்ளமும் சேர்ந்தவனே மனிதன். அவ்வாறே இவ்விரு நெறிகளும் சேர வேண்டும் என்பது அவர்தம் முடிவு.

இம்முடிவை இரு தரப்பிலும் பலர் ஏற்கவில்லை. பொதுவுடைமையர்க்கு அருளைப் பற்றிய பேச்சு பழமையாகத் தோன்றியது. காந்தியர்க்கு மார்க்சின் பெயர் அச்சம் தந்தது. திரு.வி.க. எத்தரப்பின் பாராட்டையும் நாடவில்லை. தம்மைக் காவலில் வைத்த கட்சியின் வழிகாட்டியாகிய காந்தியடிகளை வெறுக்காமலும், தாம் நேசித்த தொழிலாளரின் கோரிக்கையைக் கைவிடாமலும் ஒரு நடுநெறியைத் தேடினார். காயம்பட்டபின்னும் நடுநிலை தவறாமை அவர்தம் முதுமையின் பெருமை.

இறுதி நாள்கள்

1953ஆம் ஆண்டில் திரு.வி.க. படுக்கையிலேயே கிடக்கும் நிலை ஏற்பட்டது. அப்போதும் உள்ளம் படுக்கவில்லை. படுக்கைப் பிதற்றல் என்னும் பெயரைத் தாங்கிய வளர்ச்சியும் வாழ்வும் அவ்வாண்டிலேயே வெளிவந்தது. நோயுற்ற உடலிலிருந்து வளர்ச்சியைப் பற்றிய நூல் தோன்றியது வியப்புக்குரியது. தம் உடல் தேய்வதைக் கண்ட அவர், மனித இனம் வளர்வதை எண்ணி ஆறுதல் கொண்டார்.

அவ்வாண்டு செப்டம்பர் 17ஆம் நாள், தம் 71ஆம் அகவையில் அவர் மறைந்தார். மனைவியார் மறைந்த நாளின் 35ஆம் ஆண்டு நிறைவுக்கு ஒரு நாளே எஞ்சியிருந்தது.

இராயப்பேட்டையிலிருந்து எழுந்த அத்தென்றல் ஓய்ந்து பல்லாண்டுகள் கடந்தன. இந்திய அரசு 2005இல் அவர் நினைவாக அஞ்சல்தலை வெளியிட்டது. சாலைகளும் பூங்காவும் நகர்ப்பகுதியும் அவர் பெயரால் வழங்குகின்றன. எனினும் அவர் எழுப்பிய வினாக்கள் இன்னும் விடைக்காகக் காத்திருக்கின்றன. உழைப்பவர்க்கு உரிய பங்கு கிடைத்துவிட்டதா? சமயங்கள் ஒன்றையொன்று மதிக்கின்றனவா? கருத்து வேறுபட்டோர் நண்பராய் வாழ்கின்றனரா? கண்ணொளி இல்லாத முதியவர் ஒருவர் இருளில் அமர்ந்து இவற்றை எண்ணினார். கண்ணொளியும் இளமையும் வாய்க்கப்பெற்றோர் இவற்றை எண்ணாது விடுதல் தகுமா?

தெரியுமா?

திரு.வி.க.வின் நூல்கள் பலவற்றுக்கு அல்லது என்னும் சொல்லால் இணைக்கப்பட்ட இரட்டைத் தலைப்புகள் உண்டு. முருகன் அல்லது அழகு, பெண்ணின் பெருமை அல்லது வாழ்க்கைத் துணை, பரம்பொருள் அல்லது வாழ்க்கை வழி ஆகியவை அவற்றுள் சில. முதற்பெயர் பொருளைச் சுட்ட, இரண்டாம் பெயர் அப்பொருளை வாழ்வோடு இணைக்கும்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் வீட்டில் அல்லது தெருவில் வாழும் முதியவர் ஒருவரைச் சந்தித்து, அவர் தம் வாழ்நாளில் மாற்றிக்கொண்ட கருத்து ஒன்றைக் கேட்டறிந்து ஒரு பக்க அளவில் எழுதுக.

2. பார்வைத்திறன் குன்றியோர் படிக்கவும் எழுதவும் இன்று கிடைக்கும் வசதிகளைத் திரட்டி, திரு.வி.க. பாடல்களைச் சொல்லி எழுதச் செய்த முறையோடு ஒப்பிட்டு வகுப்பறையில் பேசுக.

3. பொருள் வளம் மட்டும் இருந்தால் மக்கள் நன்றாக வாழ இயலுமா என்னும் தலைப்பில் இரு குழுக்களாகப் பிரிந்து கலந்துரையாடுக.

4. கொள்கையால் வேறுபட்டு நட்பால் ஒன்றிய தலைவர்கள் இருவரைப் பற்றிய செய்திகளைத் திரட்டித் தொகுப்பேடு உருவாக்குக.